கைதட்டல் வாங்கிய கொலை

“லெம் செத்து விழுந்தப்போ கைதட்டுனாங்கன்னு சொல்றீங்களே, யாரு?”

“ஊரே தட்டுச்சு மேடம். நான் ஆத்தோரமா குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன். அங்க வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு ஒரே வயித்தெரிச்சல். என் வேஷத்தை வேற எவனுக்கோ குடுத்துட்டானுங்க, அவன் நம்மளவிட நல்லாப் பண்றான் போலன்னு நெனச்சேன்.”

கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அமோஸ் ப்ரையர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் என் பாஸ் ஹன்னா க்ராடக்கும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பாஸின் முழங்கை என் விலாவில் இறங்கியதும் நிறுத்திக்கொண்டேன்.

பாஸுக்கு சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரு துப்பறியும் நிறுவனம் இருக்கிறது. நிறுவனம் என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மில்ட். மில்ட் நான்தான். நாற்காலி பாஸுக்கு.

அமோஸ் நடிக்கிற படக் கம்பெனி தந்தி அடித்துக் கூப்பிட்டதால், அன்று பிற்பகல் நாங்கள் சால்ட் ஃபோர்க் ஊர் ஜெயிலில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே தெருவில் கூட்டம். கூட்டத்தின் நடுவே சைலஸ் ஹாஸ்கெட், அவர் தோளில் புதுக் கயிறு. செத்துப்போன லெம்முக்குத் தம்பி. பொழுது சாய்ந்ததும் அமோஸை இழுத்துப்போய் ஓக் மரத்தில் தொங்கவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஷெரீஃப், நீதிபதியையும் ஆட்களையும் கூட்டிவர ஸ்டாக்டன் போயிருந்தார். எப்படிப் பார்த்தாலும் மறுநாள்தான் திரும்புவார். மறுநாள் வரைக்கும் மரம் சும்மா இருக்காது.

நடந்தது இதுதான். போன மாதம் ஜாக்ராபிட் படக் கம்பெனி இந்த ஊருக்கு வந்து, நிஜ பேங்க் வாசலில் ஒரு கொள்ளைக் காட்சி எடுத்தது. கொள்ளைக்காரத் தலைவன் அமோஸ். ஒரே காட்சியைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மதியம் கேமராக்காரர் பிலிம் மாற்ற இருட்டுக் கூடாரத்துக்குள் போனார். அப்போது பாதி முகத்தை மறைத்துக்கொண்டு அதே வேஷத்தில் ஒருவன் நடந்துவந்தான், பேங்க்குக்குள் நுழைந்தான், மூட்டையோடு வெளியே வந்தான். பின்னாலேயே ஓடிவந்த காசாளர் லெம்மைச் சுட்டான். இன்னொரு ஒத்திகை என்று நினைத்து ஊர் ரசித்தது. லெம் எழுந்திருக்காதபோதுதான் விஷயம் புரிந்தது. கொள்ளைக்காரன் அதற்குள் பேங்க்குக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

அமோஸ் இளவயதில் நிஜமாகவே ரயில் கொள்ளையடித்து ஜெயிலில் இருந்தவர். இந்த வாரம் அது ஒரு பத்திரிகையில் வந்தது. அதுவரை கொலைகாரன் யாரென்று தெரியாமல் இருந்த ஊருக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. கம்பெனி அடுத்த படத்துக்காக நேற்று திரும்பி வந்தது. அமோஸ் ரயிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் பிடித்துவிட்டார்கள்.

“நெஜமாக் கொள்ளையடிச்சப்போ நான் ஒருத்தரைக்கூடச் சுடலை,” என்றார் அமோஸ். “சொன்னா எவன் நம்பறான்?”

“நான் நம்பறேன்!” என்றேன்.

“நீ நம்பி என்னடா ஆகப்போகுது?” என்றார் பாஸ்.

அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் நான் அமோஸ் ப்ரையரின் எல்லாப் படத்தையும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன். அவர் நடை, அவர் தொப்பியைத் தள்ளும் விதம், அவர் கழுத்துக் கர்ச்சீப், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கழுத்தில்தான் கயிறு போடப் பார்க்கிறார்கள்.

வெளி அறையிலிருந்து ஷெரீஃபுக்கு அடுத்த ஆளான டெபுடி ஓரின் க்ளெக் காபிக் கிண்ணங்களோடு வந்தான். மெலிந்த ஆள், சிரித்த முகம். மூன்று பேருக்கும் காபி கொடுத்தான், அமோஸுக்கும்.

“நான் காலையிலருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன் மேடம். என் கையில ஒரே ஒரு துப்பாக்கி. வெளிய ஊரே நிக்குது. பொழுது இறங்குற வரைக்கும் தாக்குப்பிடிப்பேன், அப்புறம் என்னால ஆகாது. எனக்கும் இவரு மேல கோவம் ஒண்ணும் இல்லை. படமெல்லாம் விடாமப் பாப்பேன். இங்க எடுத்த ஷூட்டிங்கத்தான் பாக்கக் குடுத்து வைக்கலை. டூட்டி.”

“பாவம்,” என்றேன்.

“எல்லாம் நேரம்,” என்று பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே போனான்.

பாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அமோஸ், எல்லாத்தையும் கேட்டாச்சு. இன்னும் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீங்க என்ன போட்டிருந்தீங்க?”

“எப்பவும் போடறதுதான். வெளிர்நீலச் சட்டை, சிவப்பு கர்ச்சீப்.”

“சிவப்பா?” நான் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். “யார்கிட்ட கதை விடறீங்க? வெள்ளைச் சட்டை, கறுப்பு கர்ச்சீப்! எல்லாப் படத்துலயும் அதான்!”

அமோஸ் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். “கேமராவுக்குச் சிவப்பு தெரியாது தம்பி. சிவப்பைக் காட்டினா கறுப்பா விழும். நீலத்தைக் காட்டினா வெள்ளையா விழும். நெஜ வெள்ளை போட்டா வெயில்ல கண்ணைப் பறிக்குதுன்னு கேமராக்காரன் மண்டையில அடிப்பான். அதனால நாங்க யாருமே வெள்ளை போட மாட்டோம். படத்துல நடிக்கிறவனுக்குத்தான் இது தெரியும். பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?”

என் உலகம் கொஞ்சம் ஆடியது. பாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மில்ட், இந்தக் கறுப்பு கர்ச்சீப்பை எங்க வாங்கினே?”

“மார்க்கெட் ஸ்ட்ரீட்ல.”

“எதுக்கு?”

“அமோஸ் ப்ரையர் மாதிரி இருக்கணும்னு.”

“கடையில சிவப்பு இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சு. ஆனா சிவப்பு எதுக்கு, அவர் போடறது கறுப்...” பாதியில் வாய் நின்றுவிட்டது.

பாஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “வா. கொலைகாரன் கழுத்துல என்ன கலர் இருந்துச்சுன்னு இந்த ஊரைக் கேப்போம். கறுப்பா இருந்தா, அவன் அமோஸ் இல்லை. உன்னை மாதிரி கொட்டகையில உக்காந்து வேஷத்தைக் கத்துக்கிட்ட எவனோ ஒரு முட்டாள்.”

“என்னை மாதிரியா?”

“காபியைத் தொடச்சுக்கோ.”

முதலில் மாட்டியது முடிதிருத்துகிற ஃபிட்ச். கடை வாசலில் நின்று கூட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொலைகாரன் கர்ச்சீப் என்ன கலர்?”

“கறுப்பு. வெள்ளைச் சட்டை. அட்டக் கறுப்பு கர்ச்சீப்பு. செத்தாலும் மறக்க மாட்டேன்.”

மளிகைக்கடை அம்மா? கறுப்பு. தபால் ஆபீஸ்காரர்? கறுப்பு. அவர் மனைவி, அவர் சொல்வதையெல்லாம் மறுக்கிறவர், அவர்கூட கறுப்பு.

“பாஸ், ஜெயிச்சிட்டோம்!” நான் நடுத்தெருவில் குதித்தேன்.

பாஸ் குதிக்கவில்லை. திரும்பி ஃபிட்சிடம் போனார். “இன்னொரு கேள்வி. காலையில ஷூட்டிங்ல அமோஸ் என்ன போட்டிருந்தார்?”

“அதேதான் மேடம். வெள்ளை, கறுப்பு. அதை வெச்சுத்தானே அவன்தான்னு கண்டுபிடிச்சோம்.”

“இங்க எடுத்த படத்தை நீங்க எத்தனை தடவை பாத்தீங்க?”

ஃபிட்ச் முகம் மலர்ந்தது. “தெனம் போவேன். கூட்டத்துல நான் வர்றேன் மேடம். இடது ஓரத்துல தொப்பியைக் கழட்டி வணக்கம் வெக்கிறேன் பாருங்க, அது நான். டைரக்டர் சொல்லலை, நானா பண்ணது.”

எனக்குக் குதிக்கிற ஆசை போய்விட்டது. கம்பெனி நன்றிக்காகப் படத்தின் ஒரு பிரதியை ஊர்க் கொட்டகைக்கு அனுப்பியிருந்தது. தன் முகத்தை வெள்ளைத் துணியில் பார்க்கிற ஆசையில் ஊர் முழுக்கத் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் தலைக்குள் கறுப்பாகிப்போயிருக்கிறது. கொலைகாரன் நிஜமாகவே கறுப்பு போட்டிருந்தானா, இவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா? இனி கடவுளே கேட்டாலும் இவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டத்தைத் தாண்டும்போது சைலஸ் ஹாஸ்கெட் எங்களை மறித்தார். பெரிய ஆள். கண்கள் வீங்கியிருந்தன.

“நீங்க அவனைக் காப்பாத்த வந்தவங்களாம்.”

“உங்க அண்ணனைக் கொன்னவனைத் தேடி வந்தோம்,” என்றார் பாஸ்.

“அவன் உள்ளதான் இருக்கான். நான் என் கண்ணால பாத்தேன் அம்மா. எங்கண்ணன் அந்த வாசப்படியில வாயில ரத்தம் வழிய என்னைப் பாத்துக் கையை நீட்டுறான். நான் விசிலடிச்சேன். ‘லெம், பிரமாதம்டா, இன்னொரு வாட்டி விழு’ன்னு கத்தினேன்.” அவர் கயிற்றைத் தோள் மாற்றினார். “வழியை விடுங்க. வெயில் இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.”

நாங்கள் வழியை விட்டு ஒதுங்கினோம்.

தெரு முனைக்கு வந்ததும் பாஸ் நின்றார். “எனக்கு ஒரே ஒரு ஜோடிக் கண்ணு வேணும் மில்ட். அன்னைக்குத் தெருவுல நடந்ததைப் பாத்திருக்கணும். அப்புறம் அந்தப் படத்தைப் பாத்திருக்கவே கூடாது.”

“பேங்க் வாசல்ல ஒரு கழுதை கட்டியிருக்கு பாஸ்.”

“ஒழுங்கா யோசி.”

“குடிகாரன் ஸ்டப்ஸ்? அவனைக் கொட்டகைக்குள்ள விட மாட்டாங்க.”

விசாரித்தோம். ஸ்டப்ஸ் படத்தில் பிணமாக நடித்திருக்கிறானாம். அதைக் காட்டியே கொட்டகையில் இலவச அனுமதி. நாங்கள் கேட்டபோதும் பிணமாகத்தான் இருந்தான், ஆனால் நடிப்பல்ல, போதை. குதிரை லாயத்துக்காரர்? தன் குதிரைகளைப் படத்தில் பார்க்க ஒரு காட்சிகூட விடவில்லை. பிரசவமான பெண்? குழந்தையோடு தினமும் படத்துக்குப் போயிருக்கிறாள். மலைக்கு மேலே வெயில் சிவந்துகொண்டே வந்தது.

“அவ்வளவுதான் பாஸ்,” என்றேன். “இந்த ஊர்ல கொட்டகைக்குப் போகாத ஒரே ஜென்மம் அதோ அந்தம்மாதான்.”

கொட்டகை வாசலில் ஒல்லியான ஒரு பெண்மணி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘உள்ளே போகிறவன் நரகத்துக்கு டிக்கெட் எடுக்கிறான்’ என்று எழுதியிருந்தது. உள்ளே போக அன்று யாரும் இல்லை. எல்லோரும் ஜெயில் வாசலில் இருந்தார்கள். அவரும் அட்டையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

பாஸ் என்னை ஒரு விநாடி பார்த்தார். “சில நேரம் உனக்குச் சம்பளம் குடுத்தா என்னன்னு தோணுது,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணிக்குப் பின்னால் ஓடினார்.

மிஸ் யூனிஸ் பிளாட், ஊர்ப் பாதிரியாரின் தங்கை. வீடு பேங்க்குக்கு நேர் எதிரே. கதவை முழுதாகத் திறக்காமலே பேசினார்.

“சினிமா சம்பந்தமா என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் அந்தக் கொட்டகைக்குள்ள கால் வெச்சதில்லை.”

“அதனாலதான் உங்களைக் கேக்கறோம்,” என்றார் பாஸ். “அன்னைக்குத் தெருவுல நடந்தது?”

“அதையும் பாக்கலை. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும்.”

பாஸின் பார்வை அவர் தலைக்கு மேலாக அறைக்குள் போனது. நானும் எட்டிப் பார்த்தேன். தெருப்பக்க ஜன்னலில் கனமான திரை. ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி, அதில் மெத்தை. திரையின் நடுவில், உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில், துணியை மடித்து ஒரு கொண்டை ஊசி குத்தியிருந்தது. இரண்டு விரல் அகல இடைவெளி.

“ஜெபத்துக்கு நல்ல வெளிச்சம் வேணும்ல,” என்றேன்.

மிஸ் யூனிஸ் முகம் வெளுத்துப்போயிற்று. கதவைச் சாத்தப் பார்த்தார். பாஸ் கையை வைத்தார்.

“மிஸ் பிளாட், நான் உங்க அண்ணன்கிட்ட வத்தி வைக்க வரலை. அங்க ஒரு மனுஷனைத் தொங்கவிடப் போறாங்க. கர்ச்சீப் என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க.”

தெருவில் கூட்டம் எதையோ கத்தியது. அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் ஒருமுறை குலுங்கியது.

“எந்தக் கர்ச்சீப்பு?” என்றார் மெதுவாக. “காலையில கட்டியிருந்ததா, மத்தியானம் கட்டியிருந்ததா?”

நான் கதவருகே நெருங்கினேன்.

“ரெண்டும்,” என்றார் பாஸ்.

“காலையில சிவப்பு. நீலச் சட்டை. அது... அவருக்கு எடுப்பா இருந்துச்சு. குதிரையிலருந்து இறங்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மட்டும் தனியாத் தெரியும். எப்படா திரும்ப வருவாருன்னு உக்காந்திருந்தேன்.” அவர் எங்களைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே பேசினார். “மத்தியானம் வெள்ளைச் சட்டையும் கறுப்பு கர்ச்சீப்புமா நடந்து வந்தார். என்னடா இது, இழவு வீட்டுக்குப் போற மாதிரி மாத்திட்டு வந்துட்டாரே, நல்லாவே இல்லையேன்னு நெனச்சேன். அப்புறம் லெம் விழுந்தான். நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா, எங்கருந்து பாத்தேன்னு கேப்பாங்களே.”

“இப்பவும் கேப்பாங்க,” என்றார் பாஸ். “கூட்டத்துல உங்க அண்ணனும் நிக்கிறார். வர்றீங்களா?”

மிஸ் யூனிஸ் உள்ளே போனார். போனவர் திரும்ப மாட்டார் என்றே நினைத்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் ஜன்னலிலிருந்து கொண்டை ஊசியைப் பிடுங்கித் தலையில் குத்திக்கொண்டார்.

பாஸ் என்னைத் தனியே இழுத்தார். “கம்பெனி ஆளுங்க தங்கியிருக்கிற ஓட்டலுக்கு ஓடு. அமோஸோட வேஷப் பெட்டியில இருக்கிற சட்டையும் கர்ச்சீப்பும் வேணும். பறந்து வா.”

பறந்தேன். திரும்பி வந்தபோது ஜெயில் வாசலில் இடித்துத் தள்ளித்தான் நுழைய முடிந்தது. அமோஸைப் படிக்கட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கைகள் பின்னால் கட்டியிருந்தன. பக்கத்தில் டெபுடி ஓரின், முகத்தில் வருத்தத்தோடு.

“என்னால முடிஞ்சவரை சொல்லிப் பாத்தேன்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். “ஒத்தை ஆளு நான். எடுத்துக்கோங்க.”

சைலஸ் கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்!” பாஸ் படியேறி நடுவில் நின்றார். “அந்தக் கழுத்துல கயிறு போடறதுக்கு முன்னாடி, அதுல என்ன கட்டியிருந்துச்சுன்னு பாத்துடுங்க. மில்ட்!”

நான் பெட்டியிலிருந்து எடுத்ததைத் தூக்கிப் பிடித்தேன். வெளிர்நீலச் சட்டை. சிவப்பு கர்ச்சீப், மாலை வெயிலில் தீப்பிடித்த மாதிரி.

“அது எவனோடது?” என்று ஒருவன் கத்தினான். “அவன் கட்டியிருந்தது கறுப்பு! தெனம் பாக்கறோம்!”

“தெனம் பாக்கறது படம்,” என்றார் பாஸ். “படத்துல சிவப்பு கறுப்பாத்தான் விழும். ஃபிட்ச், நல்லா யோசிங்க. படத்தை விடுங்க. அன்னைக்குக் காலையில உங்க கடைக்கு வந்தாரா அமோஸ்?”

ஃபிட்ச் வாயைத் திறந்தார், மூடினார். கூட்டத்தை விலக்கி வந்து கர்ச்சீப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“ஷேவிங்குக்கு வந்தான்,” என்றார். “நான்தான் கழட்டி ஆணியில மாட்டினேன். சோப்பு பட்டுடப் போகுதுன்னு சொன்னான்... ஐயோ. சிவப்புதான். சிவப்புதான் மேடம்!”

“அப்ப கொலைகாரனும் சிவப்புதானே கட்டியிருப்பான்!” என்றார் சைலஸ். “ஆளு ஒண்ணுதானே!”

அப்போது மிஸ் யூனிஸ் பேசினார். மெல்லிய குரல். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரிசையில் பாடிப் பழகிய குரல், தெருக்கோடி வரை போயிற்று. சிவப்பு, கறுப்பு, ஜன்னல், ஊசி, எதையும் மறைக்கவில்லை. பாதிரியார் கூட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ கேலியாகச் சிரிக்க ஆரம்பித்து, சைலஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

“உங்களை ஏமாத்தணும்னா அதே வேஷத்துல வரணும்,” என்றார் பாஸ். “அமோஸ் உடம்பு மேலயே அந்த வேஷம் இருந்துச்சு. அவர் எதுக்கு வேற கலர் தேடிப் போறார்? கறுப்பு கட்டி வந்தவனுக்கு நெஜக் கலர் தெரியாது. அவன் கொட்டகையில பழைய படங்களைப் பாத்து வேஷம் போட்டவன். அன்னைக்குக் காலையில இந்தத் தெருவுல நின்ன யாரும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டாங்க. இப்ப சொல்லுங்க, அன்னைக்குக் காலையில யாரு இங்க இல்லை?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீ எம் பக்கத்துல நின்னே.” “நான் இவரு தோள்ல ஏறி நின்னேன்.” “என் கூடையில உக்காந்து ஒடச்சியே.” ஊரே இருந்திருக்கிறது. கடைகளை மூடிவிட்டு வந்திருக்கிறது.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. நாக்கு முந்திக்கொண்டது. “டூட்டி!” என்று கத்தினேன். “டெபுடி டூட்டியில இருந்தாராம்! ஷூட்டிங்கையே பாக்கலையாம்!”

ஓரின் சிரித்தான். அந்தச் சிரிப்பு முன்பு பார்த்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. “ஆமா. ஜெயிலுக்குக் காவல் வேணாமா? கைதியை விட்டுட்டு வேடிக்கை பாக்கப் போகச் சொல்றியா?”

“எந்தக் கைதி?” என்றார் பாஸ்.

“அதான்... ஸ்டப்ஸ். குடிச்சிட்டு ரகளை பண்ணான்னு உள்ள போட்டிருந்தேன்.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கர்ஜனை வந்தது. “அடப்பாவி!” ஸ்டப்ஸ் தள்ளாடித் தள்ளாடி முன்னால் வந்தான். அவமானத்தில் முகம் சிவந்திருந்தது. “நான் அன்னைக்குப் பொணமா நடிச்சேன்டா! காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் மண்ணுல கெடந்தேன்! படத்துல பாக்கலை நீ? குதிரை தாண்டிப் போகுதே, அது என்னைத்தான்டா தாண்டுது!”

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஜெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே கூடிய வேடிக்கையை விட்டுவிட்டு, காலி ஜெயிலை ஒருவன் காவல் காத்திருக்கிறான்.

ஓரினின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. கைகள் கட்டியிருந்த அமோஸ் தோளால் இடித்தார். துப்பாக்கி படிக்கட்டில் உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. நான் அதன்மேல் காலை வைத்தேன், என் வாழ்நாளின் ஒரே வீரச்செயல். ஓரின் சுற்றிலும் பார்த்தான். நாலு பக்கமும் ஊர். ஒரே ஒரு வழிதான் இருந்தது. உள்ளே ஓடினான். அமோஸ் இருந்த அதே அறைக்குள் புகுந்து, கம்பிக்கதவை இழுத்துப் பூட்டி, சாவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூலையில் குந்தினான்.

“லெம் துரத்திட்டு வருவான்னு நான் நெனைக்கலை,” என்று உள்ளிருந்து அழுதான். “அவன் சும்மா நின்னிருக்கலாம்ல!”

அது போதுமானதாக இருந்தது.

ஃபிட்ச் சவரக்கத்தியால் அமோஸின் கட்டை அறுத்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. வழியின் கடைசியில் ஓட்டல், அதற்கப்பால் ரயில் நிலையம். அமோஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே படியிறங்கி நடந்தார். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பினேன். சைலஸின் கையில் கயிறு அப்படியே இருந்தது. சுருக்குக்கூட அவிழவில்லை. அவர் பார்வை மட்டும் கதவுக்குள் போயிருந்தது. கூட்டமும் அவரோடு ஒரு அடி முன்னால் வந்தது.

“கோடாலி எடுத்துட்டு வாங்கடா,” என்றது யாரோ.

பாஸ் வாசலை மறித்து நின்றார். “மில்ட், இங்க வா. எம் பக்கத்துல நில்லு.”

“பாஸ், உள்ள இருக்கிறவன் நெஜமாவே கொலைகாரன்.”

“தெரியும். வந்து நில்லு.”

போய் நின்றேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், கதவு அவர்களுக்கு. துப்பாக்கி என் கையில் இருந்தது, ஆனால் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. சைலஸ் முதல் படியில் காலை வைத்தார்.

அவருக்குப் பின்னால் யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். அமோஸ். தலையில் தொப்பி இல்லை, சட்டை கிழிந்திருந்தது. சைலஸைத் தாண்டிப் படியேறி, என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

“ஏய்,” என்றார் சைலஸ். அவர் குரல் உடைந்தது. “அவன் உன்னைத் தொங்கவிடப் பாத்தவன்டா. நீ நிரபராதின்னு தெரிஞ்சே உள்ள உக்கார வெச்சவன்.”

“தெரியும்.”

“அப்புறம் என்ன மயித்துக்கு வந்து நிக்கிறே?”

அமோஸ் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தார். உள்ளே ஓரின் விம்முகிற சத்தம் கேட்டது.

“நேத்துலருந்து அந்த மூலையிலதான் உக்காந்திருந்தேன்,” என்றார். “உங்க சத்தம் அங்க எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும். அதை இன்னொருத்தன் கேக்க வேண்டாம். அவனை நீதிபதி பாத்துக்கட்டும். என்னைத் தாண்டித்தான் போகணும்னா, வா, தாண்டு.”

சைலஸ் அடுத்த படியில் காலை வைக்கப் போய், வைக்கவில்லை. பிறகு அந்தப் படியிலேயே, கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டார். பாதிரியார் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கோடாலி கொண்டுவந்தவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஷெரீஃப் வரும்வரை அமோஸ் அந்தக் கதவிலிருந்து நகரவில்லை. பாஸும் நகரவில்லை. நான் மட்டும் இரண்டு முறை ரயில் நேரம் விசாரித்தேன். இன்றுவரை எனக்கு இது விளங்கவில்லை. விடுதலை ஆகிவிட்டது, வழி திறந்திருந்தது, ரயில் நிலையம் கண்ணில் தெரிந்தது. தன்னைக் கொல்லப் பார்த்தவனுக்காக அந்த மனிதர் திரும்பி நடந்து வந்தார். நான் என்றால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், சும்மா மழுப்பாமல் சொல்லுங்கள்: நீங்களாக இருந்தால் அந்தப் படியேறியிருப்பீர்களா?